கெட்டியோன்: சுசீலா

12 ஜூலை 1999
(அச்சடிச்சிருக்கிறது ஞாயிறு. இன்னைக்கு திங்கள். போன வருஷத்து டயரி, லாரிக்காரன் ஒருத்தன் தந்தது. சும்மா கிடைச்ச டயரியில கிழமையும் சரியா இருக்கணும்னு கேக்கப்பிடாது.)

விடியும் முன்னே மழை. அமரவிளையில ரோடு முழுக்க வெள்ளம். கடையில புட்டு மூணு குற்றிதான் போச்சு. மரச்சீனிக் கிழங்கு பாதி பாக்கி. பத்து மணிக்கே அடைச்சாச்சு. மழைக்காக இல்லை, அக்காவுக்காக.

கமலாட்சி அக்காவுக்கு அடிவயிறு நோவு கூடிப்போச்சு. மூணு மாசமா "வாயு ஆக்கும்"னு சொல்லி பூண்டும் பெருங்காயமும் தின்னுட்டு நடந்தா. இன்னைக்கு மீன்கறிச் சட்டியை இறக்கும்போ அப்படியே குத்தி இருந்துட்டா. சட்டியை மட்டும் விடல்ல.

"அக்கா, நோவு உனக்கா கறிக்கா?"ன்னு கேட்டேன்.

"எட்டி, களியாக்காதே, கேலிக்கு நேரமில்லை"ன்னா. சிரிக்கல்ல.

அப்பத்தான் எனக்குப் பயம் வந்துது. இருபத்திரண்டு வருஷத்தில நான் சொன்னதுக்கு அவ சிரிக்காத நாள் ரெண்டு. அவரு செத்த நாளு, பிறகு இன்னைக்கு.

ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அமுக்கிப் பாத்தா, படம் எடுத்தா. கர்ப்பப்பையில கட்டி. வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன், இப்பமே அட்மிட்.

"ஒண்ணையும் பெறாத பைக்கு இம்புட்டு நோவா"ன்னு அக்கா. அவ பெறல்லேன்னுதான் அவரு என்னைக் கொண்டு வந்தாரு. நானும் பெறல்ல. ரெண்டு பேருமா சேந்து அவரை ஒரு பார்வை பாத்தோம். பிறகு செத்துப் போறது வரை அந்த மனுஷன் பிள்ளைப் பேச்சே எடுக்கல்ல.

அட்மிஷன் போடுற இடத்தில இப்ப கம்ப்யூட்டர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷீபான்னு ஒரு பெண்ணு. ரெண்டு எழுத்து தட்டினா மிச்சத்தை பெட்டி தானா எழுதுது. எங்க ஊரு கொல்லயில்னு நான் சொல்லி முடிக்கல்ல, பேரு முழுசா வந்து நிக்குது. "எனக்க பாட்டன் பேரும் அதுக்குத் தெரியுமா மக்கா?"ன்னேன். சிரிச்சா. நல்ல பெண்ணு.

கூட இருக்கிற ஆளுக்கு அங்கே பைஸ்டாண்டர்னு பேரு. ஒரு நோயாளிக்கு ஒரு ஆளு, ஒரு அட்டை. கழுத்தில மாட்டணும்.

"பேஷண்டுக்கு சேச்சி ஆரு?"

"சக்களத்தி ஆக்கும்."

"களியாக்காதே சேச்சி, பின்னே ஆளு நிக்குது."

"சத்தியமாட்டு, மக்கா. அவளுக்க கெட்டியோன்தான் எனக்கும் கெட்டியோன். செத்து எட்டு வருஷம்."

பாவம், தட்டிப் பாத்தா. அவ தட்டினதெல்லாம் மாய்ஞ்சு போச்சு. ஒரு சின்னக் கோடு மட்டும் அந்தக் கட்டத்தில மினுங்கி மினுங்கி நிக்குது. முன்னே போகாது, பின்னே வராது.

"லிஸ்டில் இல்லாத்தது பெட்டி எடுக்காது சேச்சி."

லிஸ்டில எட்டு பேரு. அப்பன், அம்மை, கெட்டியோன், பெண்டாட்டி, மகன், மகள், சகோதரன், சகோதரி. முன்னே என்ன அடிச்சாலும் எடுக்குமாம். ஒரே ஆளை ஒருத்தர் அளியன்னும் ஒருத்தர் மச்சான்னும் ஒருத்தர் மச்சினன்னும் அடிச்சு, மாசக் கடைசியில யாரு யாருக்கு யாருன்னே தெரியாம கிடந்துதாம். ஒருத்தன் "தெய்வம் அறியும்"னு போடச் சொன்னானாம். அதுக்குத்தான் இந்த எட்டு. "மற்றவைன்னு ஒண்ணு வச்சா என்ன?"ன்னு கேட்டேன். "வச்சா எல்லாரும் அதிலே போய் ஏறிக்கும் சேச்சி." அதுவும் நியாயம்தான். நானே முதல்ல ஏறியிருப்பேன்.

பின்னால நின்னவன், "ஏதெங்கிலும் ஒண்ணு சொல்லு அம்மே, நாங்களும் போகணும்."

"தங்கச்சின்னு போடு"ன்னேன்.

சகோதரி. அடுத்த கட்டத்தில அப்பன் பேரு தானா வந்து விழுந்துது: வேலாயுதன். அக்காவுக்க அப்பன். நாப்பத்தாறு வயசில எனக்கு ஒரு புது அப்பன்.

மேலே போனதும் அக்கா, "அட்டையில என்ன எழுதியிருக்கு, வாசி"ன்னா. அவளுக்கு எழுத்து ஒண்ணும் வாசிக்கத் தெரியாது. நானும் நாலாம் கிளாசோட சரி. வாசிச்சேன். அப்ப சிரிச்சா. சிரிச்சிட்டு வயித்தைப் பிடிச்சா.

13 செவ்வாய்
மழை. விட்டு விட்டு.

வெளுத்ததும் வீட்டுக்கு ஓடி எடுத்துக்கிட்டு வந்தது: ஃபிளாஸ்க், தோர்த்துத் துண்டு 2, பழைய முண்டு 3, பவுடர் (அவ கேக்கல்ல, எனக்கு), கஞ்சி, தேங்காத் துவையல்.

காலத்தே வார்டு முழுக்க ஒரே சிரிப்பு. பக்கத்துக் கட்டில்காரி "தங்கச்சிக்கும் அக்காவுக்கும் என்ன ஒரு முகச்சாயல்"னு சொல்லிட்டா. அக்கா, "ஒரே சட்டியில தின்னு தின்னு வந்த சாயல்"ன்னா.

பதினொரு மணிக்கு, அட்டையில்லாத ஆளுங்களையும் விடுற ஒரு மணி நேரத்தில, ராகவன் வந்தாரு. அக்காவுக்க தம்பி. நெய்யாற்றின்கரையில வீடு. யாரோ போன் பண்ணிச் சொல்லியிருக்கு. கையில ஆரஞ்சு.

நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாளு அவரு கார் கொண்டு வந்து முற்றத்தில நிறுத்தினாரு. "ஏறு அக்கா, இங்கே இனி உனக்கு இருக்க வேண்டாம்." அக்கா ஏறல்ல. மத்தி வெட்டிக்கிட்டு இருந்தா, அதை வெட்டி முடிச்சா. அதுக்குப் பிறகு அவரு வந்தது இன்னைக்குத்தான்.

கட்டில் பக்கம் கொஞ்ச நேரம் நின்னாரு. என்னைப் பாக்கல்ல, எனக்க கழுத்தில கிடந்த அட்டையைப் பாத்தாரு. முகம் சுவந்து போச்சு.

நேரே கீழே, ஷீபாகிட்ட. நானும் பின்னால ஓடினேன்.

"எனக்கு அக்கா ஒண்ணுதான். இவ எனக்க அப்பனுக்குப் பிறந்தவ இல்லை. எனக்க அப்பன் பேரை எடு."

அவரு சொன்னது உள்ளதுதானே.

ஷீபா என்னைப் பாத்தா, நான் தரையைப் பாத்தேன். அட்டையைக் கத்திரிச்சுப் போட்டா. புது அட்டை: ராகவன், சகோதரன். அது ஒரு தட்டிலயே வந்துது.

படியில வச்சு அவரு சொன்னது: "ஆப்பரேஷன் கழிஞ்சா நான் வீட்டுக்குக் கொண்டு போவேன். டாக்டர் சொல்லுறதெல்லாம் இனி என்கிட்ட சொல்லட்டும். உனக்கு என்ன பாத்தியம் உண்டு?"

பிறகு கேட்டுக்கு வெளியே நான். வாச்சர் வாசு அண்ணன் நல்லவரு, ஆனா, "அட்டை இல்லாம விட்டா எனக்க வேலை போகும், மகளே."

கம்பிக்கு இந்தப் பக்கம் குடை பிடிச்சு நின்னேன். ரெண்டாம் மாடி ஜன்னல்ல அக்கா தோர்த்தை வீசினா. நானும் கஞ்சிப் பாத்திரத்தைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்க சிரிப்பு தெரியல்ல, தூரம்.

ஆறு மணிக்கு மணி அடிச்சு பெண்ணுங்க வார்டில இருந்து ஆணுங்களை எல்லாம் வெளியே அனுப்பினா. ராகவனும் வெளியே வந்தாரு. அது அவருக்கும் தெரியாது போல. நானும் நினைக்கல்ல. ராத்திரி அக்கா பக்கம் யாரு?

"உங்க வீட்டுக்காரி வருமா?"ன்னு கேட்டேன்.

"அவளுக்கு முட்டு வலி"ன்னாரு. என்கிட்ட அவரு சண்டையில்லாம சொன்ன முதல் வார்த்தை.

வீடு. விளக்கு வச்சாச்சு. ஒரு ஆளுக்கு மட்டும் சோறு வடிக்க எனக்கு அளவு தெரியல்ல. ரெண்டு ஆளுக்கு வடிச்சு வச்சிருக்கேன்.

இந்த டயரி முதல் பக்கத்திலயும் கட்டம் உண்டு. பேரு, விலாசம், ரத்தம், கார் நம்பர். கார் நம்பர்ல "தட்டுக்கடை, சக்கரம் ரெண்டு"ன்னு எழுதி வச்சிருக்கேன். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய ஆளு: கமலாட்சி. பக்கத்தில "உறவு"ன்னு ஒரு கோடு. அதை அன்னைக்கே எழுதாம விட்டிருக்கேன். இங்கே தடுக்க ஆளில்லை, என்ன எழுதினாலும் தாளு எடுக்கும். பேனாவை வச்சிட்டு இருந்தேன். ஒண்ணும் வரல்ல.

போன மாசம் ஒரு டிரைவர் கடையில வச்சு சொன்னது ஓர்மை வந்துது. எங்கேயோ ஒரு செக்போஸ்ட்டில தாளில கோழிக்குக் கட்டம் உண்டாம், வாத்துக்கு இல்லையாம். வண்டி நிறைய வாத்து. "கோழின்னு எழுது சாரே"ன்னானாம். உள்ளே இருந்து ஒரே குவா குவா. ஆபீசர் காதைப் பொத்திக்கிட்டு எழுதினாராம். அன்னைக்கு நானும் அக்காவும் சிரிச்ச சிரிப்பில புட்டு கருகிப்போச்சு.

14 புதன்
மழை இல்லை. மூட்டம்.

ஆறரை மணிக்கே கேட்டில. எட்டு மணிக்கு ராகவன் உள்ளே போனாரு. ஒம்பதுக்கு வெளியே வந்தாரு. முகத்தில ரத்தமே இல்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு சொன்னாரு. ராத்திரி அக்கா கையில டிரிப்பு. எழும்ப முடியல்ல. யாரையும் கூப்பிடவும் இல்லை. அடக்கி அடக்கி வச்சு பொழுது வெளுக்கும்போ படுக்கை நனைஞ்சு போச்சு. நர்சு ஏசினா. இவரு துணி மாத்தப் போனா, அக்கா, "நீ தொடாதே, நீ ஆண்பிள்ளை"ன்னு சொல்லிட்டாளாம்.

"என்கிட்ட பேச மாட்டேங்கா. சுவரைப் பாத்துப் படுத்திருக்கா."

சொல்ல நாலு வார்த்தை நாக்கில வந்துது. முழுங்கிட்டேன்.

"வா"ன்னாரு.

ஷீபா கவுண்டர். அவரே பேசினாரு. "எனக்க அட்டையை எடுத்திட்டு இவளுக்குக் கொடு."

"பந்தம் என்ன போடட்டு சாரே?"

அங்கே திரும்பவும் அதே கோடு, அதே மினுக்கம்.

"சகோதரி வேண்டாம்"ன்னாரு, பைய. "அப்பன் பேரு வரும்."

ஷீபா லிஸ்டை விரலால இறக்கி இறக்கி வாசிச்சா. நானும் கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு நின்னேன்.

அம்மை. "அக்காவுக்கு பன்னிரண்டு வயசு இளைய அம்மை உண்டா?"ன்னேன்.

மகள். "பன்னிரண்டு வயசில பெத்திருப்பாளா? பெத்திருந்தா என்னைக் கொண்டு வந்திருக்கவே மாட்டாரே."

பெண்டாட்டி. வரிசையில யாரோ சிரிச்சா.

கெட்டியோன். ஷீபா நிறுத்தினா. "இது ஒழிஞ்சு, காலியா கிடக்கு."

"அத்தான் செத்து எட்டு வருஷம்"ன்னாரு ராகவன்.

"பெட்டி அதைக் கேக்காது சாரே. பெண்ணா ஆணான்னும் கேக்காது. லிஸ்டில உண்டெங்கில் எடுக்கும்."

"அந்த மனுஷன் விட்டுட்டுப் போனதில பாதி எனக்கும் உள்ளதுதானே அண்ணே"ன்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடிச்சேன்.

ராகவன் சுவரைப் பாத்தாரு. அங்கே ஒரு பழைய காலண்டர், அவ்வளவுதான். ரொம்ப நேரம் அதைப் பாத்தாரு.

"போடு."

ரெண்டே தட்டு. கோடு அடுத்த கட்டத்துக்குப் போச்சு.

அட்டை: சுசீலா, கெட்டியோன். இங்கிலீஷில ஹஸ்பண்ட். வாசு அண்ணன் வாசிச்சிட்டு, "போங்க சார்"னு வழி விட்டாரு.

அக்கா சுவரைப் பாத்துத்தான் கிடந்தா. முதல்ல துணி மாத்தினேன். மேலு துடைச்சேன். பிறகு அட்டையை அவ மூக்குக்கு நேரே ஆட்டி வாசிச்சேன்.

அக்கா இந்தப் பக்கம் திரும்பினா. பிறகு, "அவரு இருக்கும்போ ஒருநாளும் ஆஸ்பத்திரிக்கு வந்ததில்லை. இப்ப வந்திருக்காரு பாரு."

சிரிப்பில கட்டில் குலுங்கிச்சு.

15 வியாழன்
சாறல்.

நர்சு வார்டு வாசல்ல நின்னு, "கமலாட்சியுடே ஹஸ்பண்ட்!" நான் எழும்பினேன். அந்தப் பெண்ணு எனக்குப் பின்னால ஆளைத் தேடுகா. "நான்தான் சிஸ்டரே, மீசை நேத்து எடுத்தேன்."

மயக்க மருந்துக்கும் ஆப்பரேஷனுக்கும் சம்மதத் தாள். கெட்டியோன் கையெழுத்துன்னா பிறகு வேற ஒண்ணும் வேண்டாமாம். தமிழ்ல போட்டேன்: சுசீலா. "வல்லதும் நேர்ந்தால்"னு, அதாவது ஏதாவது ஆகிப்போனான்னு, ஒரு வரி உண்டு அதில. நர்சு வேகமா வாசிச்சா, எனக்குப் பையத்தான் கேட்டுது.

ராகவன் பகல் முழுக்க வெளியே பெஞ்சில. இட்டலி வாங்கித் தந்தாரு. "அக்காவுக்கு என்ன பிடிக்கும்?"ன்னு கேட்டாரு. மத்தின்னேன்.

ஆனா போகும்போ சொன்னாரு, "கையெழுத்து நீ போடு. வீட்டுக்கு நான்தான் கொண்டு போவேன். அதில மாத்தமில்லை."

அக்கா ராத்திரிக்கு முன்னே என்கிட்ட கேட்டது: "எட்டி, அவன் என்னைக் கொண்டு போயிடுவானா?"

"கெட்டியோன் விட்டாத்தானே."

"சிரிக்காம சொல்லு."

சொன்னேன்.

16 வெள்ளி
9.10 உள்ளே. 12.40 வெளியே. இடையில எழுத ஒண்ணுமில்லை. ஒரு பெஞ்சு, ஒரு மின்விசிறி, அதுவும் சுத்தல்ல. நானும் ராகவனும் ரெண்டு ஓரத்தில. கதவு திறக்கும்போ எல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணாட்டு எழும்பினோம், ஒண்ணாட்டு இருந்தோம்.

நல்லபடியா முடிஞ்சுது. எடுத்ததை பரிசோதனைக்கு அனுப்பியிருக்கு. ஒரு வாரமாம்.

17 சனி
கர்க்கடக மாசம் பிறந்துது. நல்ல மழை. அக்காவுக்கு கஞ்சி வெள்ளம் ரெண்டு டம்ளர். வாயு போச்சு. வார்டு முழுக்கச் சொல்லிட்டேன், டாக்டரம்மாவும் அதுக்குத்தான் காத்திருந்தா. அக்கா போர்வையை முகத்தில இழுத்துக்கிட்டா.

தோசைக்கு மாவு அரைக்க ஆளில்லை. கடை அடைச்சு அஞ்சு நாளாச்சு. லாரிக்காரங்க வேற இடம் பாத்திருப்பா.

21 புதன்
மூணு நாளா எழுதல்ல. அக்கா நடக்கா, என்னைப் பிடிச்சுக்கிட்டு. நேத்து ராகவன்கிட்ட பேசினா. பேசினது இவ்வளவுதான்: "ஆரஞ்சு புளிக்குது." அந்த மனுஷன் அதுக்கே கண்ணைத் துடைச்சாரு.

வெள்ளிக்கிழமை தையல் பிரிச்சு விடுவாங்களாம். வாசல்ல கார் வரும்னு அவரு சொல்லியாச்சு. பஸ்சில போவோம்னு நான் சொல்லியாச்சு. அக்கா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தா. அவளுக்கு நடுவில கிடந்து பழக்கம்.

23 வெள்ளி
மழை இல்லை. வெயில் சுள்ளுன்னு.

தையல் எடுத்தாச்சு. பத்தரைக்கு டாக்டரம்மா அறை வாசல்ல நின்னு நர்சு கூப்பிட்டா: "கமலாட்சியுடே ஹஸ்பண்ட் மாத்திரம்."

ராகவனும் எழும்பினாரு. பிறகு அவரே இருந்துட்டாரு. "நீ போ"ன்னாரு.

நான் சிரிச்சுக்கிட்டேதான் போனேன். ஒரு களிப்பேச்சும் தயாரா வச்சிருந்தேன். டாக்டரம்மா சிரிக்கல்ல. அட்டையைப் பாத்தா, என்னைப் பாத்தா, "இருங்க"ன்னா.

கட்டி வெறும் கட்டி இல்லை. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போகணும், தாமசிக்கப்பிடாது. கரண்டு வைக்கணும், மருந்து ஏத்தணும். எவ்வளவு நாளுன்னு இப்ப சொல்ல முடியாது. "பேஷண்டுகிட்ட சொல்லணுமா வேண்டாமான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. நீங்கதானே அடுத்த ஆளு."

அடுத்த ஆளு. அந்தக் கட்டத்துக்குள்ள போகத்தானே ரெண்டு நாளு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

கீழே ஷீபாகிட்ட திருவனந்தபுரத்தில காட்ட வேண்டிய தாளு வாங்கப் போனேன். மிஷின் கொடகொடன்னு அடிச்சுத் தந்துது. மேலே அக்கா பேரு, கீழே எனக்க பேரு, கெட்டியோன்.

"இனி இதை மாத்தலாமா மக்கா? ராகவன் பேருக்கு?"

"முடியாது சேச்சி. அட்மிஷன் முடிஞ்சா பூட்டிப் போகும். அங்கே போனாலும் இந்த தாளைப் பாத்துத்தான் அடிக்கும். என்ன சேச்சி, ரிசல்ட்டு நல்லதுதானே?"

"நல்லதுதான்"ன்னேன்.

பெஞ்சில ராகவன். "என்ன சொன்னாங்க?"

சொன்னா இப்பமே கார்ல ஏத்திடுவாரு. தெரியும். சொல்லாம இருக்க எனக்கு என்ன பாத்தியம்னும் தெரியும். அவளுக்கு ரத்தம் அவரு. நான் பெட்டியில ரெண்டு தட்டில வந்தவ.

"தையல் நல்லா உணங்கியிருக்காம். அடுத்த வாரம் ஒரு தடவை திருவனந்தபுரத்தில காட்டணும், எல்லாருக்கும் சொல்லுறதுதானாம்."

"அப்ப என் வீட்டில இருந்து போனா பக்கம்."

"அக்காகிட்ட கேப்போம் அண்ணே."

மேலே அக்கா முண்டு மாத்தி, தலை கோதி, கால் தொங்கப் போட்டு கட்டில்ல இருந்தா.

"என்னட்டி, கெட்டியோனுக்கு முகம் கறுத்திருக்கு? டாக்டர் என்ன சொன்னா?"

"கெட்டியோன்மாருகிட்ட சொல்லுற காரியம் பெண்டாட்டிமாரு கேக்கப்பிடாது."

சிரிச்சா. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. பிறகு நிறுத்திட்டு என்னைப் பாத்தா. நான் ஃபிளாஸ்க் மூடியைத் தேடினேன். மூடி கையிலதான் இருந்துது.

"சரி"ன்னா. "சொல்லாண்டாம். வீடு எதுன்னு மட்டும் சொல்லு."

"நம்ம வீடு."

தலையை ஆட்டினா. ராகவன்கிட்ட அவளே சொன்னா, "கார் கொண்டு வா. எங்களைக் கொல்லயில்ல கொண்டு விட்டுட்டு, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போ." இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பி கார்ல ஏறினா. அந்தப் பக்கம் அவரு, நடுவில அவ, இந்தப் பக்கம் நான்.

வந்தாச்சு. காப்பி போட்டாச்சு, அவரு போயாச்சு. அக்கா மத்தி வேணும்னு கேட்டுட்டு உறங்கிட்டா.

நாளைக்கு: மத்தி. தேங்கா ரெண்டு. திருவனந்தபுரம் பஸ் நேரம் கேக்கணும். கடையை யாருகிட்டயாவது சொல்லி வைக்கணும். அந்தத் தாளை மடிச்சு இந்த டயரிக்குள்ள வச்சிருக்கேன், டயரியை அரிசிப் பானைக்கு அடியில. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் எனக்க முகத்தை வாசிப்பா.